இரண்டு டி சில்வாக்கள்

1873 ஜூன் மாதம், கொழும்புக்குத் தெற்கே காலி வீதியில் இருக்கும் பாணந்துறையில், வெஸ்லியன் மிஷன் போதகர் டேவிட் டி சில்வா ஆன்மாவைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஒரு வாரம் கழித்து அதே ஊரில் பௌத்த பிக்குவான மிகெட்டுவத்தே குணானந்த தேரர் அதை மறுத்துப் பேசினார். விஷயம் அத்தோடு அடங்கவில்லை. ஆகஸ்ட் 26, 28ஆம் திகதிகளில், ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் இரு தரப்பும் நேருக்கு நேர் மோதின. இலங்கைக் கிறிஸ்தவர்களான நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளாத இரண்டு நாட்கள் அவை. தோற்றவர் வீட்டில் அப்படித்தான்.

டி சில்வாவின் கேள்வி கூர்மையானது. மனிதன் உடல், உணர்வு முதலான ஐந்து கந்தங்களின் சேர்க்கை மட்டுமே, நிலையான ஆன்மா கிடையாது என்று உங்கள் நூல்களே சொல்கின்றன. அப்படியானால் பாவம் செய்கிறவன் ஒருவன், பலனை அனுபவிக்கிறவன் வேறொருவன். பிறகு ஒழுக்கம் எதற்கு? கேள்வியில் குறை இல்லை, சொன்ன விதத்தில்தான் குறை. பாளி படித்த மனிதர், மேற்கோளுக்கு மேல் மேற்கோளாக அடுக்கினார். வந்திருந்த சனத்தின் தலைக்கு மேலே அது போய்விட்டது. குணானந்தர் சனத்தின் சிங்களத்தில் பேசினார். மறுபிறவி எடுப்பவன் அவனேயும் அல்ல, வேறொருவனும் அல்ல என்ற பழைய பௌத்த விடையையே சொன்னார். ஆனால் கூட்டம் கேட்டது.

அவர் வேதாகமத்தையும் கரைத்துக் குடித்திருந்தார். யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் கடவுள் தம்மை எரிச்சலுள்ளவர் என்று சொல்லும் இடத்தைப் பிடித்துக்கொண்டார். சிங்கள மொழிபெயர்ப்பில் அங்கே ‘ஜ்வலித’ என்று இருந்தது. ஒளிவீசுகிற என்று பொருள். பொறாமை என்று எழுத வெட்கப்பட்டு வெளிச்சம் போட்டு மூடிவிட்டார்கள் என்று அவர் சொன்னபோது எங்கள் பக்கத்தில் நல்ல பதில் இருக்கவில்லை. தமிழ் வேதாகமக்காரர்கள் இந்த வம்பிலிருந்து தப்பினார்கள், எரிச்சல் என்றே போட்டுவிட்டார்கள். இரண்டுமே நெருப்பிலிருந்து பிறந்த சொற்கள்தான். ஒன்று விளக்காகிறது, மற்றது வயிற்றைக் காந்துகிறது.

‘சாது! சாது!’ என்ற முழக்கத்தோடு விவாதம் முடிந்தது. அதன் அறிக்கை ஆங்கிலத்தில் அச்சாகி அமெரிக்கா போய், அதைப் படித்த பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஒல்கொட் 1880இல் காலியில் வந்து இறங்கினார். பௌத்தப் பள்ளிக்கூடங்கள் முளைத்த கதை அதற்குப் பிறகு வருவது.

அன்றைய கிறிஸ்தவர்கள் பௌத்தத்தைப் படிக்காமல் திட்டினார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1818இல் இங்கே வந்த டானியல் கோஜர்லி பாளி நூல்களில் மூழ்கிக் கிடந்தவர். ஆனால் அவர் படித்தது, வழக்கறிஞர் எதிர்த்தரப்பின் உறுதியைப் படிப்பதுபோல. எங்கே ஓட்டை என்பதுதான் தேடல். ‘அனாத்ம’, அதாவது ஆன்மா இல்லை, என்ற ஓட்டையை அவரிடமிருந்துதான் டேவிட் டி சில்வா போன்றவர்கள் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

நூறு ஆண்டு கழித்து, அதே வெஸ்லியன் மெதடிஸ்த மரபில் வந்த இன்னொரு போதகர், அவரும் டி சில்வாதான், அதே கேள்வியை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார். லின் டி சில்வா கொழும்பில் ஒரு ஆய்வு நிலையத்தை நடத்தி, ‘டயலொக்’ என்ற சஞ்சிகையையும் கொண்டுவந்தவர். 1970களில் அவர் எழுதிய நூலின் வாதம் இது: உடலுக்குள் அழியாத ஆன்மா ஒன்று குடியிருக்கிறது என்பது கிரேக்கர் சரக்கு, வேதாகமச் சரக்கு அல்ல. ஆதியாகமத்தின் மனிதன் மண்; ஊதப்பட்ட சுவாசம் எடுக்கப்பட்டால் மறுபடியும் மண். ஆகவே ‘அனாத்ம’ என்பதைக் கிறிஸ்தவனும் தயங்காமல் சொல்லலாம். உயிர்த்தெழுதல் என்பது உள்ளே மிஞ்சியிருந்த ஏதோ ஒன்று தப்பிப் போவதல்ல, கடவுள் மறுபடியும் படைப்பது.

டேவிட் டி சில்வா கேட்டிருந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். எனக்கென்னவோ லின் சொன்னதுதான் வேதத்துக்குக் கிட்ட வருகிறது. அவர் வேறுபாட்டை அழிக்கவும் இல்லை, இடம் மாற்றினார், அவ்வளவுதான். பௌத்தத்தில் ‘நான்’ இல்லை என்று கண்டுகொள்வதே விடுதலை. எங்களுக்கோ, எனக்கென்று ஒன்றும் இல்லாததால்தான் இன்னொருவர் கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கை இருக்கிறதா என்பதில்தான் நானும் என் பௌத்த நண்பரும் இன்னும் பிரிகிறோம்.

கத்தோலிக்கர் பக்கத்தில் யேசு சபைக் குருவான அலோசியஸ் பீரிஸ், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பௌத்தத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1974இல் களனியில் ‘துலானா’ ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். அங்கே பௌத்தக் கலைஞர்கள் கைபட்ட இயேசுவைப் பார்க்கலாம்.

பாதை நேராக ஓடியது என்று சொல்ல முடியாது. 1994இல் வந்த தம் நூலில் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் பௌத்தத்தைப் பெருமளவு கடவுள் மறுப்பு நெறி என்று எழுதியதால், மறு ஆண்டு அவர் கொழும்பு வந்தபோது முக்கிய பிக்குகள் சந்திக்க வரவில்லை. 2003 கடைசியில், மதமாற்றத்தை எதிர்த்துப் பேசிவந்த பிக்கு சோம தேரர் இறந்ததை ஒட்டித் தேவாலயங்கள் தாக்கப்பட்டன. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ், நிகழ்ச்சி நிரலில் இல்லாமலே, கொழும்பில் ஒரு விகாரைக்குப் போனார். சாரிபுத்தர், மொகல்லானர் ஆகியோரின் தாதுப் பேழையை அவருக்காகத் திறந்து காட்டினார்கள்.

போன வருடம் பக்கத்து வீட்டுப் பௌத்த ஆச்சியம்மா இறந்தபோது வெள்ளைக் கொடி கட்டிய பந்தலில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் செத்தவீடுகளில் போதகர் இன்றைக்கும் ஆன்மா ஆண்டவரிடம் போய்விட்டது என்றுதான் ஆறுதல் சொல்வார். லின் டி சில்வா இன்னும் சேமக்காலை வரை வந்து சேரவில்லை. அவர்கள் பக்கமும் அப்படித்தான் போலிருக்கிறது. ஆன்மா இல்லை என்று சொல்லும் நெறியின் பிக்கு ஓத, பிள்ளைகள் நாலு பேரும் ஒரே கெண்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, புண்ணியம் அம்மாவைப் போய்ச் சேரட்டும் என்று கோப்பைக்குள் தண்ணீரை ஊற்றினார்கள். கோப்பை நிறைந்து, கீழே வைத்திருந்த தட்டிலும் வழிந்தது. மூத்த மகன் கெண்டியைக் கீழே வைக்கவில்லை.