உங்களுக்குத் தெரியுமா? பூச்சியை விரட்டும் பச்சிலைகள்

● ஜன்னலோரம் துளசித் தொட்டி வைத்தால் மட்டும் கொசு ஓடிவிடாது. இலையின் நுண்ணிய சுரப்பிகளில் அடைபட்டிருக்கும் எண்ணெய், கசக்கும்போதுதான் தாராளமாக வெளியேறும். துளசி எண்ணெயில் உள்ள யூஜினால் என்ற வேதிப்பொருள்தான் கிராம்புக்கும் வாசம் தருகிறது.

● சிட்ரோனெல்லா எண்ணெய் தரும் புல், எலுமிச்சைப் புல்லின் நெருங்கிய உறவு. இலங்கையின் தென்பகுதியில் நெடுங்காலமாகப் பயிராகிறது. இந்த எண்ணெய் சீக்கிரம் ஆவியாகிவிடுவதால் கொசு விரட்டும் பலன் அதிக நேரம் நிற்காது.

● மாலையில் மாட்டுத் தொழுவத்தில் நொச்சி, வேப்பிலை போட்டு மூட்டம் போடுவது கிராமத்து வழக்கம். வீட்டுக்குள் கைக்குழந்தையோ ஆஸ்துமா உள்ளவர்களோ இருந்தால் எந்தப் புகையும் வேண்டாம்.

● அரிசி, பயறு டப்பாவில் வேப்பிலை போடுவதானால் நிழலில் நன்கு உலர்த்திப் போடுங்கள். ஈர இலை பூஞ்சையை வரவழைக்கும்.

● தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றை இடித்து, கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து சுவடிகளுக்கிடையே வைப்பார்கள். புத்தக அலமாரிக்கும் இது உதவும்.

● டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, பூந்தொட்டிக்கு அடியிலுள்ள தட்டில் தண்ணீர் தேங்கினாலே, நீர்மட்டத்தையொட்டிய ஈரமான ஓரங்களில் முட்டையிடும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். கொசு விரட்டும் செடியே கொசு வளர்க்காமலிருக்க, வாரம் ஒருமுறை தட்டைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள்.