திருப்தியா என்று யாரைக் கேட்டோம்?

இணையவழிக் கல்வியில் பிள்ளைகளுக்குத் திருப்தியா? கொரோனாக் காலத்திலிருந்து பலரும் கேட்டு வரும் கேள்வி இது. ஆனால் கேட்கும் படிவமும் பெரும்பாலும் கைத்தொலைபேசிக்கே வருகிறது. சிக்னல் இல்லாத லயனுக்குப் பாடமும் வரவில்லை. திருப்தியா என்ற கேள்வியும் வரவில்லை.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழிலும் பாடங்கள் இருந்தன. ஆசிரியர்கள் வட்ஸ்அப்பில் பயிற்சிகளை அனுப்பினார்கள். ஆயினும் நாட்டின் 43 இலட்சம் மாணவரில் அதிகபட்சம் 40 வீதமானோரே இணையவழி வகுப்பில் சேர முடியும் என இலங்கை ஆசிரியர் சங்கத்தின் ஜோசப் ஸ்டாலின் 2021இல் மதிப்பிட்டார்.

அதே ஆண்டு நமது பதுளை மாவட்டத்து லுணுகலையில், மலையுச்சிக் காட்டில் சுமார் 30 அடி உயர மரவீட்டில்தான் சிக்னல் கிடைத்தது. பெரியவர்கள் துணைக்குப் போக, பிள்ளைகள் முறைவைத்துப் பாடங்களைப் பெற்று, வீட்டுவேலையை அனுப்பினார்கள். ஏறியவர்களைக் கேட்டால் ஒரு பதில் கிடைக்கும். ஏற முடியாதவர்களை யார் கேட்டது? வீட்டில் ஒரே தொலைபேசி, மூன்று பிள்ளைகள் என்றால், டேட்டா போடக் காசு இல்லையென்றால், அந்தப் பிள்ளை எந்தக் கணக்கில் வரும்?

கருவி மட்டும் கற்பிப்பதில்லை. 1947இல் கொலம்பியாவின் சுத்தாத்தென்சா கிராமத்தில் சல்செதோ என்ற இளம் குருவானவர் விவசாயிகளுக்காக வானொலிப் பள்ளியைத் தொடங்கினார். அயலவர்கள் ஒரு வானொலியைச் சுற்றி அமர்ந்தார்கள். எழுத்தறிந்த ஒருவர் பக்கத்திலிருந்து உதவினார். அந்த ஒருவர்தான் பள்ளிக்கு உயிர்.

2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தது. வீடிழந்து இடம்பெயர்ந்த நமக்கு, பாடசாலை மூடப்பட்டு பாடம் தொலைபேசிக்கு மாறும் நாள் இனியும் வரலாம். அதற்கு முன்பே அதிபரிடமும் ஆசிரியர்களிடமும் மூன்று காரியங்களைக் கேட்டு வைப்போம்.

1. வாரந்தோறும் அச்சிட்ட பயிற்சித் தாள்கள்.

2. நாம் தங்கும் இடத்தில் ஒரு பொதுத் தொலைபேசி. அதனருகே உயர்தரம் படித்த ஓர் இளைஞரோ யுவதியோ.

3. வகுப்பில் சேராத பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல். அவர்களைத் தேடிச் செல்ல ஒருவர்.

தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிய ஆயனை நாம் அறிவோம். இனி யாராவது படிவத்தோடு வந்தால், இணைந்த பிள்ளையின் பதிலோடு இணையாத பிள்ளையின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். பெயர் எழுதப்படாத பிள்ளையைத் தேடி யாரும் வரமாட்டார்கள்.