டிரான்சிஸ்டருக்கு நாலாவது கால் இருக்கு... அது என்ன பண்ணுது?

காலேஜ் லேப்ல மாஸ்ஃபெட்டைக் கையில் எடுத்தவங்களுக்குப் பழக்கமானது மூணு கால்தான்: கேட், டிரெய்ன், சோர்ஸ். ஆனா உள்ள நாலாவது இணைப்பு ஒண்ணு உண்டு. பேர் பாடி. டிரான்சிஸ்டர் உட்கார்ந்திருக்கிற சிலிக்கான் தளமே அதுதான். சப்ஸ்ட்ரேட்னும் சொல்வாங்க. மூணு கால் மாஸ்ஃபெட்டில் அதை உள்ளேயே சோர்ஸோடு சேர்த்துடுறதால, நம்ம கண்ணில் படாது.

சிப்புக்குள்ள கதை வேற. பொதுவா என்மாஸ் டிரான்சிஸ்டர்கள் எல்லாத்துக்கும் ஒரே தளம், அது கிரவுண்டில் இருக்கும். ஆனா எல்லாருடைய சோர்ஸும் கிரவுண்டில் இருக்காது. நாண்ட் கேட்டில் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருப்பாங்க. மேலே இருக்கிறதோட சோர்ஸ் வோல்டேஜ் கொஞ்சம் ஏறினா போதும், அது ஆன் ஆக கேட்டில் கூடுதல் வோல்டேஜ் கேட்கும். 0.7 வோல்ட்டில் ஆன் ஆகவேண்டியது 0.9 வோல்ட் கேட்கலாம். இதுதான் பாடி எஃபெக்ட்.

ஏன் இப்படி?

சோர்ஸைவிட பாடி நெகட்டிவா இருந்தா, கேட்டுக்குக் கீழே நகர முடியாத நெகட்டிவ் சார்ஜ் அதிகமாகுது. கேட் முதல்ல அதைச் சரிக்கட்டணும், அப்புறம்தான் கரண்ட் ஓடும் பாதையை உருவாக்க முடியும். நீங்க கதவைத் தள்ளும்போது பின்னாடி ஒருத்தர் இழுத்துப் பிடிக்கிற மாதிரி. பாடிக்கு 'பேக் கேட்'னு இன்னொரு பேர் வந்ததும் இதனால்தான்.

-5 வோல்ட் போனா சிப்பும் போச்சு

தொல்லையா தெரியுற இதையே வேணும்னு பயன்படுத்தின காலமும் உண்டு. 1974-ல் வந்த இன்டெல் 8080-க்கு +5, +12, -5 என மூணு சப்ளை தேவை. அந்த -5 வோல்ட் போனது சப்ஸ்ட்ரேட்டுக்கு. அன்றைய என்மாஸ் டிரான்சிஸ்டர்கள் ரொம்பக் குறைஞ்ச வோல்டேஜிலேயே ஆன் ஆகிடும். பாடியை நெகட்டிவாக இழுத்துதான் அடக்கி வெச்சாங்க.

இதில் ஒரு ஆபத்து இருந்தது. 4116 மெமரி சிப்பிலும் இதே -5 வோல்ட்தான். முதல்ல ஆன் ஆகவேண்டியதும் கடைசியா ஆஃப் ஆகவேண்டியதும் அதுதான். அது இல்லாம +12 வோல்ட் மட்டும் வந்தா, உள்ளே கரண்ட் கட்டுப்பாடில்லாம ஓடி சிப் எரிஞ்சுடும். 1982-ன் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரில் இருந்தது இந்த 4116-தான். இன்னைக்கும் அதை ரிப்பேர் பண்றவங்க -5 வோல்ட் வருதான்னு மீட்டர் வெச்சுப் பார்க்காம புது மெமரி சிப்பைச் செருகமாட்டாங்க.

1978-ன் 8086-ல் இந்தத் தலைவலி இல்லை. வெளியிலிருந்து 5 வோல்ட் மட்டும் போதும், நெகட்டிவ் வோல்டேஜை சிப்பே உள்ள தயாரிச்சுக்கும்.

இப்போதைய ஃபின்ஃபெட் சிப்களில் கேட் மூணு பக்கமும் சுத்தி நிற்கிறதால, பாடியின் பேச்சு பெருசா எடுபடாது. எஃப்டி-எஸ்ஓஐ தொழில்நுட்பத்தில் மட்டும் பழைய வித்தை புது ரூபத்தில் இருக்கு. மெல்லிய இன்சுலேட்டருக்குக் கீழிருந்து வோல்டேஜ் கொடுப்பாங்க. ஒரு திசையில் கொடுத்தா சிப் வேகமாகும், எதிர்த்திசையில் கொடுத்தா கரண்ட் கசிவு குறைஞ்சு பேட்டரி மிச்சமாகும்.