கையேந்தாமற் கேட்டல்

ஈகையைப் போற்றிய வள்ளுவர், இரவு, இரவச்சம் என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். கேட்கத் தக்காரைக் கண்டாற் கேட்கலாம் என்பது ஒன்று. கேளாமையே மேல் என்பது மற்றையது. இவ்விரண்டுக்கும் இடையே தடுமாறும் மனித மனத்தை அவர் நன்கு அறிந்திருந்தார் போலும். அத்தடுமாற்றத்தை நான் அணித்தே நின்று கண்டது சென்ற ஆண்டிலேதான்.

என்னோடு ஒரே கல்லூரியிற் பல்லாண்டு கணிதம் படிப்பித்த ஆசிரியை ஒருவருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தன. அவருடைய சகோதரர் தமது சிறுநீரகம் ஒன்றைத் தர முன்வந்தார். ஆனால், சத்திரசிகிச்சைக்கும், அதன்பின் வாழ்நாள் முழுதும் உட்கொள்ளவேண்டிய மருந்துகளுக்கும் குடும்பத்தின் கையிருப்புப் போதவில்லை. பழைய மாணவர்கள் இணையத்தளம் ஒன்றும் காணொளி ஒன்றும் ஆயத்தஞ் செய்தனர். அவற்றின் தமிழைத் திருத்தும் பணி என்னிடம் வந்தது.

முதற் காணொளியைக் கண்டு திடுக்கிட்டேன். வயலின் ஓயாது அழுதது. இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் அருகே கண்மூடிக் கிடந்த அம்மையாரின் முகம் திரும்பத் திரும்ப வந்தது. அதனை அவரிடமே காட்டினோம். முழுவதையும் பார்த்தபின், “தம்பி, சுகமாகி வந்த பிறகு நான் திரும்பவும் வகுப்புக்குப் போகவேணும். இதைப் பார்த்த பிள்ளைகளின்ரை முகத்தில் எப்பிடி முழிப்பன்?” என்றார்.

“அழுகை இல்லாவிட்டால் காசு வராது, சேர்” என்றான் படம் பிடித்த மாணவன். அவன் கூற்றை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. காலமோ குறுகியது, உயிரோ ஒன்று.

ஆயினும், இரக்கத்தைப் பிழிந்தெடுக்காமலும் பொருள் திரட்டலாம் என்பதற்கு வரலாற்றிற் சான்றுண்டு. நியூயோர்க்கிலே சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் அமைக்கப் பணமின்றி வேலை தடைப்பட்டபோது, பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சர் 1885இல், எத்துணைச் சிறுதொகை தந்தவர் பெயரையும் தம் பத்திரிகையில் வெளியிடுவதாக வாக்களித்தார். ஐந்து மாதங்களில் ஓர் இலட்சம் டொலருக்கு மேற் சேர்ந்தது. ஈந்தவர்களிற் பெரும்பாலோர் ஒரு டொலருக்குங் குறைவாகத் தந்தவர்களே. 1989இல் ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்களும், துயரையே காட்டி இரக்கத்தைத் தூண்டும் படங்களைத் தவிர்க்குமாறு ஒழுக்கக் கோவை ஒன்றை வகுத்துக்கொண்டன.

மறுபடியும் தொடங்கினோம். யன்னலோரம், காலை வெயிலின் வெளிச்சம், ஒன்றரை நிமிடம், இசை இல்லை. அம்மையார் தம் நாற்காலியில் அமர்ந்து, நோய் யாது, தேவை எவ்வளவு, இதுவரை தாம் திரட்டியது எவ்வளவு என மூன்றையும் தாமே சொன்னார். செவிப்புலன் குன்றியோருக்காகவும், ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்போருக்காகவும் அவர் சொன்னவற்றைக் கீழே எழுத்திலும் இட்டோம்.

இணையத்தளம் ஒரே பக்கம். வெள்ளைப் பின்னணியிற் பெரிய கறுப்பு எழுத்து. ஒரே ஒரு படம், அதுவும் கரும்பலகையின் முன் நின்று அவர் சிரிப்பது. சிறிய கைத்தொலைபேசியிலும் அது விரைந்து திறந்தது. வைத்தியசாலை தந்த செலவு மதிப்பீட்டை, அடையாள இலக்கங்களை மறைத்து வெளியிட்டோம். மிஞ்சும் பணம் எங்கே செல்லும் என்பதையும் முன்னரே எழுதினோம்.

பணம் மெல்லவே வந்தது. இரண்டு கிழமை எங்களுக்கு உறக்கமில்லை. மாணவன் சொன்னதே சரியோ என்று நானும் ஐயுற்றேன். பின்னர், ஒருவர் சொல்லி ஒருவராய், அவரிடம் கற்றவர்கள் பல நாடுகளிலிருந்தும் அனுப்பலாயினர்.

வரவுக் கணக்கை நாள்தோறும் பக்கத்தில் ஏற்றுமுன் அம்மையாரே சரிபார்த்தார். ஒருநாள் மாலை மாணவனை அழைத்து, “ஐம்பது ரூபா பிழைக்குது, திருப்பிக் கூட்டு” என்றார். அவன் தலைகுனிந்து கூட்டினான். அவர் நோயாளி என்பதை அவ்வேளை நாங்கள் எல்லோருமே மறந்திருந்தோம்.