நடந்தே போகலாம் ஜேர்மனிக்கு

கனடாவிலிருந்து மச்சாள், என் கணவரின் அக்கா, வந்து இறங்கிய மறுநாள். தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, பாரிஸுக்குப் போட்டு வருவமே?"

பாசலில் இருந்து பாரிஸுக்கு விரைவு ரயிலில் மூன்று மணித்தியாலம். போக மூன்று, வர மூன்று. "மச்சாள், அண்டைக்கு முழுக்க ரயில் சன்னலைத்தான் பாப்பம்" என்றேன்.

"அப்ப எங்கை போவம்?"

"ஜேர்மனிக்கு. நடந்து போவம்."

மச்சாள் பகிடி என்று நினைத்தார்.

பாசல் சுவிஸின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. பிரான்ஸும் ஜேர்மனியும் நகரத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. 8ஆம் இலக்க ட்ராம் 2014 முதல் ஜேர்மனியின் வைல் அம் ரைன் வரை போகிறது. 3ஆம் இலக்க ட்ராம் 2017 முதல் பிரான்ஸின் சான் லூயி ரயில் நிலையம் வரை போகிறது. எங்களுக்கு எல்லை தாண்டுவது என்பது சனிக்கிழமை இறைச்சி வாங்கப் போகிற காரியம். ஆனால் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு நாட்டின் மண்ணையும் மிதித்துவிட்டுப் போக ஆசை. அது நியாயமான ஆசைதான். எந்த ஊரைக் காட்டுவது என்பதில்தான் பிழை விடுகிறோம்.

ஊரைத் தெரிந்தெடுப்பது எப்படி?

விருந்தாளிகளை அழைத்துப்போய்ப் போய், எனக்கென்று சில கணக்குகள் வைத்திருக்கிறேன். ஒரு பக்கப் பயணம் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. ரயிலால் இறங்கினால் பத்து நிமிடத்துக்குள் பழைய நகரத்துக்குள் கால் வைக்க வேண்டும். முழங்கால் வலிக்காரர்களும் ஒரு சுற்றுச் சுற்றிவர முடிகிற அளவில் ஊர் இருக்க வேண்டும். படம் எடுப்பதற்கு அழகு மட்டும் போதும், ஆனால் திரும்பி வரும்போது பேசிக்கொண்டு வர ஒரு கதையும் வேண்டும். கடைசியாக, முடிந்தால் போன வழியால் திரும்பக்கூடாது.

இந்தக் கணக்கில் பிரான்ஸின் கொல்மார் சுலபமாகத் தேறும். வாய்க்கால் ஓரத்து நிற நிற வீடுகளும், 1512க்கும் 1516க்கும் இடையில் குரூனவால்ட் வரைந்த ஈசன்ஹைம் பீட ஓவியமும் அங்கே இருக்கின்றன. நியூயோர்க் சுதந்திர தேவி சிலையைச் செய்த பர்தோல்டி பிறந்த வீடும் அங்கேதான். ஆனால் இது எல்லோருக்கும் தெரிந்த ஊர். நத்தார்ச் சந்தைக் காலத்தில் பாலத்தில் நின்று ஒரு படம் எடுக்கவும் வரிசையில் நிற்க வேண்டும்.

ஜேர்மனியின் ஷ்டவுஃபனும் என் பட்டியலில் உண்டு. மந்திரவாதி டாக்டர் ஃபவுஸ்ட் அங்கே ஒரு விடுதியில் மாண்டதாகக் கதை. இந்தக் காலத்துக் கதை அதைவிட விசித்திரமானது. நகரசபைக் கட்டடத்தைப் பூமிச் சூட்டால் சூடாக்க 2007இல் துளை போட்டார்கள். நிலத்தடி நீர் நீரற்ற ஜிப்சப் படிவத்துக்குள் புகுந்தது. அது ஊறிப் பெருத்து நிலத்தைத் தூக்கியது. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகளில் வெடிப்பு விழுந்தது.

மச்சாளுக்காக நான் தெரிந்தெடுத்தது இரண்டுமல்ல. லௌஃபன்பூர்க். அதற்கு ஒரு சொந்தக் காரணமும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு ஊர், இரண்டு நாடு

மீன் ரோல்ஸ் பத்து, சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி, மச்சாளின் கனடியக் கடவுச்சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பாசல் நிலையத்தில் எஸ்1 ரயிலில் ஏறினோம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஷ்டைன்-செக்கிங்கன் நிலையத்தில் இந்த ரயில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி ஃபிரிக்குக்குப் போகும், மறுபாதி லௌஃபன்பூர்க்குக்கு. நான் ஒருமுறை கதை மும்முரத்தில் பெட்டியின் பலகையைப் பார்க்காமல் ஏறி, விருந்தாளிகளோடு ஃபிரிக்கில் இறங்கி நின்றவள். பெட்டியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்து ஏறுங்கள்.

முக்கால் மணித்தியாலத்துக்குள் இறங்கிவிட்டோம். குறுகிய ஒழுங்கைகள் ரைன் ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்குகின்றன. மேலே குன்றில் ஹாப்ஸ்பூர்க் காலத்துக் கோட்டையில் மிஞ்சிய ஒற்றைக் கோபுரம். கீழே ஒரு கல் பாலம். அக்கரையிலும் அதே ஓட்டுக் கூரைகள், அதே சன்னல்கள்.

"அங்காலை தெரியிறது என்ன ஊர்?" என்றார் மச்சாள்.

"லௌஃபன்பூர்க்."

"இது?"

"இதுவும் லௌஃபன்பூர்க்."

ஐந்நூறு, அறுநூறு வருடங்களாக இது ஒரே ஊராகத்தான் இருந்தது. ஆற்றின் இரு கரையையும் ஆஸ்திரிய ஹாப்ஸ்பூர்க் குடும்பம் ஆண்டது. 1801இல் நெப்போலியனின் காலத்து லூனவில் உடன்படிக்கை ரைன் ஆற்றையே எல்லையாக்கியது. 1803இல் தென்கரை சுவிஸின் ஆர்கவ் மாநிலத்தோடு சேர்ந்தது, வடகரை ஜேர்மன் பக்கம் போனது. கோட்டை இருந்த சுவிஸ் பகுதிக்குப் பெரிய லௌஃபன்பூர்க் என்றும், அக்கரைக்குச் சின்ன லௌஃபன்பூர்க் என்றும் பெயர். இன்றைக்குச் சனத்தொகையைப் பார்த்தால் சின்னதுதான் பெரிது.

அரசர்கள் கோடு போட்டார்கள், ஆனால் ஊரின் பைத்தியத்தைப் பிரிக்க முடியவில்லை. 1386இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் மீனவர் சங்கம் ஒன்று இங்கே இருக்கிறது. மாசி மாத ஃபாஸ்நாக்ட் திருவிழாவில் மரமுகமூடி போட்டு ஆடுகிற கூட்டம் இவர்களுடையது. இன்றைக்கும் சங்கத்தில் இரு கரைக்காரரும் இருக்கிறார்கள். மேளமும் தகரமும் தட்டிக்கொண்டு பாலத்தைக் கடப்பார்கள்.

"ஏன் மீனவர் சங்கம்? ஆறு குளம் மாதிரிக் கிடக்கு" என்றார் மச்சாள். நல்ல கேள்வி. 'லௌஃபன்' என்றாலே இங்கே பாய்ந்தோடும் ஆற்று வீழ்ச்சி. பாறைகளுக்கிடையில் ரைன் குமுறிப் பாய்ந்த இடம் இது. ஆங்கில ஓவியர் டர்னர் அதை வரைந்திருக்கிறார். சால்மன் மீன் ஏராளமாகப் பிடிபட்டது. ஓடங்கள் இந்த இடத்தில் பொருளை இறக்கிவிட வேண்டும், வெறும் ஓடத்தைக் கயிறு கட்டி ஆட்கள் கீழே விடுவார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்நிலையம் கட்டுவதற்காகப் பாறைகளை வெடிவைத்து உடைத்தார்கள். 1914இல் மின்நிலையம் ஓடத் தொடங்கியது, வீழ்ச்சி நீருக்குள் போனது. மீன்காரரின் ஊர் மின்சாரக்காரரின் ஊரானது. 1958இல் ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ் மூன்றினதும் மின்வலைகளை முதலில் ஒன்றாக இணைத்ததும் இங்கேதான். அதை 'லௌஃபன்பூர்க் நட்சத்திரம்' என்கிறார்கள்.

மச்சாள் விழுந்து விழுந்து சிரித்தது புதிய பாலத்தின் கதைக்குத்தான். வாகனங்களுக்கென்று சற்றுத் தள்ளி ஒரு பாலத்தை இரு நாடுகளும் இரு கரையிலிருந்தும் கட்டினார்கள். சுவிஸ்காரர் உயரத்தை மத்தியதரைக் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடுவார்கள், ஜேர்மன்காரர் வடகடல் மட்டத்திலிருந்து. இரண்டுக்கும் வித்தியாசம் 27 சென்ரிமீற்றர். அது பொறியியலாளர்களுக்குத் தெரியும். கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டார்கள். 2003இல் பார்த்தால் இரு பக்கமும் 54 சென்ரிமீற்றர் ஏற்ற இறக்கம்! ஜேர்மன் பக்கத்தைத் தணித்து, 2004 டிசம்பரில் பாலத்தைத் திறந்தார்கள். அதன் பிறகு பழைய பாலம் நடப்பவர்களுக்கானது. ஆறுதலாக நடந்தாலும் இரண்டு நிமிடத்தில் அக்கரை.

"இவ்வளவுதானோ ஜேர்மனி?" என்றார் மச்சாள், செருப்பைக் குனிந்து பார்த்து.

சாப்பாடும் சாமானும்

சின்ன ஊர்களில் சாப்பாட்டு நேரம் கண்டிப்பானது. பகல் ஒன்றரை, இரண்டு மணிக்குச் சமையலறையை மூடிவிடுவார்கள், பிறகு பின்னேரம்தான். பசியோடு இரண்டேகாலுக்குப் போய்க் கேக்கும் கோப்பியும் மட்டும் கிடைத்த அனுபவம் எனக்கு உண்டு. அன்றைக்குப் பன்னிரண்டரைக்கே போய் உட்கார்ந்தோம். மெல்லிய மா அப்பத்தில் வெங்காயமும் புளித்த பாலாடையும் போட்டுச் சுடுகிற ஃப்ளாம்கூஹன் வந்தது. "கொஞ்சம் தூள் போட்டிருக்கலாம்" என்பது மச்சாளின் தீர்ப்பு. மீன் ரோல்ஸை ஆற்றங்கரை வாங்கில் இருந்து முடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை போனால் இரு கரையிலும் கடைகள் பூட்டு. மற்ற நாட்களில் சாமான் வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. சுவிஸ் ஷெங்கனுக்குள் இருக்கிறது, ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க வளையத்துக்குள் இல்லை. ஆளுக்கு 150 பிராங் பெறுமதி வரைதான் வரியில்லாமல் கொண்டுவரலாம், 2025 தொடக்கத்திலிருந்து இதுதான் கணக்கு. முன்பு 300. இறைச்சி ஆளுக்கு ஒரு கிலோ. எங்கள் வீடுகளில் ஆட்டிறைச்சி அந்த அளவோடு நிற்காது என்பது சுங்க அதிகாரிகளுக்கும் தெரியும்! ஒரே கடையில் 50 யூரோவுக்கு மேல் வாங்கினால் பச்சைச் சீட்டு கேட்டு வாங்கி, ஜேர்மன் சுங்கத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள். அடுத்த முறை வரிப்பணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் முத்திரைக்கு நிற்கிற வரிசையில் பின்னேரமே போய்விடும். விருந்தாளியோடு போகிற நாளில் அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

மரப்பாலம்

வந்த வழியால் திரும்பாமல், ஜேர்மன் கரை ரயிலில் பாட் செக்கிங்கன் போனோம். சில நிமிடப் பயணம். பாதையை மின்மயமாக்கும் வேலையால் ரயிலுக்குப் பதில் பஸ் ஓடும் நாட்களும் உண்டு, புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். இரட்டைக் கோபுரத் தேவாலயம் ஃப்ரிடோலின் என்ற துறவியுடையது. சுவிஸின் கிளாருஸ் மாநிலக் கொடியில் நிற்பவரும் இவரே. ஒரு ஊதுகுழல்காரனும் பிரபுவின் மகளும் காதலித்து மணந்த கதையை ஷெஃபல் 1854இல் காவியமாக்கினார், அதனால் இது ஊதுகுழல்காரன் ஊர். மச்சாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். ஆனால் நான் கூட்டிவந்தது மரப்பாலத்துக்கு.

ரைன் மேல் இருநூறு மீற்றருக்குச் சற்று அதிகமான நீளத்தில் கூரை போட்ட பாலம். ஐரோப்பாவின் கூரைவேய்ந்த மரப்பாலங்களில் மிக நீளமானது. இங்கே பாலம் இருந்ததற்கான முதற்குறிப்பு 1272ஆம் ஆண்டுக்குரியது. வெள்ளமும் போரும் பலமுறை கொண்டுபோய், பலமுறை திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். 1979 வரை இதற்குள்ளால் வாகனங்களும் போயின.

பாலத்தின் மறுமுனை சுவிஸின் ஷ்டைன். நான் சொன்ன சொந்தக் காரணம் இங்கேதான். 1991இல் நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது எங்களை ஆர்கவ் மாநிலத்துக்கு அனுப்பினார்கள். ஷ்டைனுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஒரு அறை கிடைத்தது. வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் செலவில்லாத பொழுதுபோக்கு இந்த ஆற்றங்கரைதான். அகதி விண்ணப்பக்காரரின் அட்டையோடு பாலத்தைத் தாண்ட முடியாது. பிறகு வதிவிட அனுமதி கிடைத்தது, அப்போதும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஜேர்மன் விசா வேண்டும். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஒரு கோப்பி குடிக்க யார் தூதரகத்துக்கு அலைவது? மணியோசை அக்கரையிலிருந்து வரும். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம்.

2008 டிசம்பர் 12 வெள்ளிக்கிழமை சுவிஸ் ஷெங்கனுக்குள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு பேரும் பாலத்தில் ஏறினோம். சுங்கச் சாவடியைக் கடக்கும்போது என் கணவர் பெட்டைப் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கோப்பி குடித்தோம், தேவாலயத்தைச் சுற்றினோம், திரும்பி வந்தோம். பதினேழு வருடமாகப் பார்த்த ஊருக்குள் மொத்தமாக இரண்டு மணித்தியாலம்.

மச்சாள் பாலத்தின் நடுவில் நின்று ஆற்றைப் பார்த்தார். "தம்பி ஒருநாளும் சொல்லேல்லை" என்றார். பிறகு பலகை சத்தமிட நடந்து ஷ்டைனுக்கு இறங்கினோம். நிலையம் கால் மணித்தியால நடை. பாசலுக்கு வந்து சேர்ந்தபோது சோறு வைக்க இன்னும் நேரம் இருந்தது.

இந்தச் சுற்றுக்குப் போகிறவர்கள் கடவுச்சீட்டைக் கட்டாயம் கொண்டுபோங்கள். ஜேர்மன் பொலிசார் இப்போது எல்லையில் மறித்துப் பார்க்கிறார்கள். ஊரிலிருந்து ஷெங்கன் விசாவில் வந்த அம்மா, அப்பாவையும் அதே விசாவில் கூட்டிப்போகலாம். சுவிஸ் தொலைபேசி அட்டையில் அக்கரை இணையத்துக்குத் தனிக் கட்டணம் விழலாம், அணைத்துவிடுங்கள்.

புதிதாக வந்து, அகதி விண்ணப்பக்காரருக்கான 'என்' அல்லது தற்காலிகமான 'எஃப்' அனுமதியோடு இருக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு ஒரு சொல். பாலத்தில் ஒருவரும் நிற்பதில்லை என்று நம்பி நடந்துவிடாதீர்கள். உங்களுக்கு வெளியே போய்வரத் தனி அனுமதி வேண்டும், அது இல்லாமல் பிடிபட்டால் வழக்கு கெட்டுவிடும். கிடைக்கும்வரை ஷ்டைன் பக்கக் கரையில் இருங்கள். அங்கே நல்ல வாங்குகள் இருக்கின்றன, மணியோசையும் கேட்கும்.