எடை குறைக்கும் ஊசி: விலை இறங்கும்போது கவனம் ஏற வேண்டும்

2025 மார்ச் 20 அன்று எலி லில்லி நிறுவனத்தின் ‘மௌஞ்சாரோ’ இந்தியச் சந்தைக்கு வந்தது. வாரத்துக்கு ஒரு ஊசி. அப்போது 2.5 மில்லிகிராம் குப்பியின் விலை 3,500 ரூபாயாகவும் 5 மில்லிகிராம் குப்பியின் விலை 4,375 ரூபாயாகவும் இருந்தது. அதே ஆண்டு ஜூனில் நோவோ நார்டிஸ்க் நிறுவனம் ‘வெகோவி’யைக் கொண்டுவந்தது. தொடக்க அளவுக்கே மாதம் சுமார் 17,000 ரூபாய் ஆனது. நவம்பரில் அந்த விலை 10,850 ரூபாயாக இறங்கியது. டிசம்பரில் ‘ஒசெம்பிக்’ வந்தது. வெகோவி, ஒசெம்பிக் இரண்டிலும் இருக்கும் மருந்து செமாக்ளூடைடு. 2026 மார்ச்சில் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிய, உள்நாட்டு நிறுவனங்களுக்கும் வழி திறந்தது.

அதுவரை இந்த ஊசிக்கு விலையே வேலியாக இருந்தது. மாதம் பத்தாயிரத்துக்கு மேல் செலவிடுகிறவர் பெரும்பாலும் மருத்துவரைப் பார்த்து, பரிசோதனை செய்துகொண்டுதான் தொடங்கினார். விலை இறங்க இறங்க, சென்னையில் முகப்பேரிலும் நொளம்பூரிலும் பாடியிலும் இருக்கிற நடுத்தரக் குடும்பங்களுக்கும் இது எட்டும். அது நல்ல செய்திதான். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழகத்தில் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் உடல் எடை கூடியவர்கள். ஆனால் விலை என்ற வேலி விழும் இடத்தில் விவரம் என்ற வேலி எழவேண்டும். ‘பக்கத்து வீட்டு அக்கா போட்டு எட்டுக் கிலோ குறைஞ்சாங்களாம்’ என்ற ஒரு வரியை நம்பித் தொடங்கக்கூடிய மருந்து இல்லை இது.

இரண்டு நிமிட ஹார்மோன், ஒரு வார மருந்து

நாம் சாப்பிட்டதும் குடலில் உள்ள சில செல்கள் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது மூன்று வேலைகள் செய்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது இன்சுலினைச் சுரக்கும்படி கணையத்தைத் தூண்டும். இரைப்பையிலிருந்து உணவு குடலுக்கு இறங்குவதைத் தாமதப்படுத்தும். வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்குத் தெரிவிக்கும். ஆனால் இயற்கையான ஜிஎல்பி-1-இல் பாதி ஏறக்குறைய இரண்டே நிமிடங்களில் அழிந்துவிடும். டிபிபி-4 என்ற நொதி அதை உடைத்துவிடுகிறது.

1992-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் எங், ‘கிலா மான்ஸ்டர்’ என்ற பாலைவனப் பல்லியின் நஞ்சில் இதே வேலையைச் செய்யும், எளிதில் உடையாத ஒரு மூலக்கூறைக் கண்டறிந்தார். அதிலிருந்து பிறந்த எக்ஸெனடைடு 2005-இல் நீரிழிவு மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதை நாளுக்கு இரண்டு முறை போடவேண்டும். பிறகு டென்மார்க்கில் லோட்டே பியெர்ரே க்னுட்சென் குழுவினர் வேறொரு வழி பிடித்தனர். மனித ஜிஎல்பி-1 போன்ற மூலக்கூறோடு ஒரு கொழுப்பு அமிலச் சங்கிலியை இணைத்தனர். அது ரத்தத்தில் உள்ள ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு நெடுநேரம் சுற்றிவரும். அப்படி உருவானதுதான் செமாக்ளூடைடு. உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். மௌஞ்சாரோவில் உள்ள டிர்செபடைடு, ஜிஎல்பி-1 மட்டுமின்றி ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

பலன் உண்மையானது. 1,961 பேர் பங்கேற்ற ‘ஸ்டெப் 1’ ஆய்வில், செமாக்ளூடைடு போட்டவர்களுக்கு 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். வேறோர் ஆய்வில், டிர்செபடைடின் உச்ச அளவில் 72 வாரங்களில் 20.9 சதவீதம். 17,604 பேரிடம் நடந்த ‘செலக்ட்’ ஆய்வு, ஏற்கெனவே இதய, ரத்தக்குழாய் நோய் உள்ள, எடை கூடிய, நீரிழிவு இல்லாதவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை சேர்ந்து 20 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் போன்ற இதய மருத்துவமனை இருக்கும் முகப்பேரில் இந்த முடிவின் பொருளை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

இந்த மருந்தின் பலமே அதன் ஆபத்தும். பாதியாகவே ஒரு வாரம் எடுக்கும் மருந்து உடலை விட்டு முழுதாக நீங்க ஐந்து வாரங்களுக்கு மேல் ஆகும். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் மறுநாள் நிறுத்தித் தப்பிக்கலாம். இதை அளவு மீறிப் போட்டுவிட்டால், வாந்தியும் தலைசுற்றலும் நாள்கணக்கில் தொடரும். பாதுகாப்பு விதிகள் பலவும் இந்த ஒரு காரணத்திலிருந்தே பிறக்கின்றன.

யாருக்கு வேண்டும், யாருக்குக் கூடாது

கல்யாணத்துக்கு முன் நான்கு கிலோ குறைக்க இந்த ஊசி இல்லை. உடல் நிறை குறியீடு 30 அல்லது அதற்கு மேல் இருப்பவர்கள், அல்லது 27-உம் அதற்கு மேலும் இருந்து அதோடு நீரிழிவு, ரத்தக்கொதிப்பு போன்ற தொல்லை உள்ளவர்கள் ஆகியோருக்கே எடைக் குறைப்புக்கான அனுமதி. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 27 என்பது சுமார் 69 கிலோ. 30 என்பது சுமார் 77 கிலோ.

குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் இது கூடாது. எலிகளில் இம்மருந்து தைராய்டு கட்டிகளை உண்டாக்கியதால் எழுந்த எச்சரிக்கை அது. கணைய அழற்சி வந்தவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள், இரைப்பை இயக்கம் மந்தமானவர்கள் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் செமாக்ளூடைடைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்தவேண்டும். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்கள் டிர்செபடைடு தொடங்கிய நான்கு வாரங்களுக்கும், ஒவ்வொரு முறை அளவு கூட்டிய பின் நான்கு வாரங்களுக்கும் ஆணுறை போன்ற இன்னொரு பாதுகாப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரைப்பை காலியாவது தாமதமாகும்போது அந்த மாத்திரை உடலில் சேர்வதும் குறைகிறது.

அவசரப்பட்டால் வாந்தி

வெகோவியை 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 0.5, 1, 1.7, 2.4 என்று ஏற்றுவார்கள். மௌஞ்சாரோ 2.5-இல் தொடங்கி நான்கு வாரம் கழித்து 5. தொடக்க அளவு எடையைக் குறைக்க வந்ததல்ல, குடலைப் பழக்க வந்தது. ‘ஒரு மாசமா ஒண்ணும் குறையல’ என்று தானாக அளவைக் கூட்டுகிறவர்கள்தான் மிகவும் அவதிப்படுவார்கள்.

‘ஸ்டெப் 1’ ஆய்வில் செமாக்ளூடைடு போட்டவர்களில் 44.2 சதவீதம் பேருக்குக் குமட்டல், 31.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப்போக்கு, 24.8 சதவீதம் பேருக்கு வாந்தி, 23.4 சதவீதம் பேருக்கு மலச்சிக்கல் வந்தது. பெரும்பாலும் லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்து, அளவு ஏறும் வாரங்களில் தலைகாட்டி, பிறகு அடங்கின. சின்னத் தட்டில் கொஞ்சமாக, மெதுவாகச் சாப்பிடுவதும், வயிறு நிறைந்த உணர்வு வந்ததும் எழுந்துவிடுவதும் உதவும். எண்ணெயில் பொரித்தவற்றையும் இரவில் தாமதமாகக் கட்டும் பிரியாணியையும் ஒதுக்குங்கள். இரைப்பையில் உணவு நெடுநேரம் தங்கும்போது கொழுப்பு மிகுந்த உணவு அவதியைக் கூட்டும்.

வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஒருசேர வந்தால் உடலில் நீர் வற்றிச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் வெப்பத்தில் நிற்பவர்களுக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர், மோர் என்று குடித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

மாத்திரைப் பெட்டியோடு மருத்துவரிடம் போங்கள்

நம் ஊர்களில் நீரிழிவுக்காரர்கள் பலர் கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுக்கிறார்கள். சிலர் இன்சுலின் போடுகிறார்கள். அவற்றோடு இந்த ஊசியும் சேர, சாப்பாடும் பாதியாகக் குறைந்தால் சர்க்கரை திடீரென்று தாழலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் என்று வரும். ஊசி தொடங்கும்போதே பழைய மருந்தின் அளவை மருத்துவர் திருத்தவேண்டியது இதனால்தான். சஷ்டி, ஏகாதசி, ரமலான் நோன்பு, புரட்டாசி சனிக்கிழமை ஆகியவற்றில் விரதம் இருப்பவர்கள் அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நெடுநாள் நீரிழிவு உள்ளவர்கள் தொடங்கும் முன் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. சர்க்கரை வேகமாக இறங்கும்போது ஏற்கெனவே உள்ள விழித்திரைப் பாதிப்பு சிலருக்குக் கூடலாம்.

அறுவை சிகிச்சையோ எண்டோஸ்கோப்பியோ செய்துகொள்ளப் போகிறவர்கள், ஊசி போடுவதை மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். முந்தைய இரவு உண்டதே வயிற்றில் மீந்திருக்கலாம். மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கு ஆபத்து.

சில அறிகுறிகளை ‘ஊசி வேலை செய்யுது’ என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் கடுமையான வலி கணைய அழற்சியாக இருக்கலாம். வலது விலா எலும்புக்குக் கீழே வலி, காய்ச்சல், கண் மஞ்சளாதல் பித்தப்பையைக் காட்டும். தண்ணீர்கூட வயிற்றில் நிற்காத வாந்தி, திடீர்ப் பார்வைக் குறைவு ஆகியவையும் அவசரம். செமாக்ளூடைடால் பார்வை நரம்பு பாதிக்கப்படுவது மிக அரிது, அதிகபட்சம் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025 ஜூனில் கூறியது. அரிது என்றாலும் காத்திருக்கக்கூடியதல்ல. 108-ஐ அழையுங்கள், அல்லது உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கொழுப்போடு தசையும் போகிறது

குறையும் எடை முழுவதும் கொழுப்பல்ல. அதில் கால் பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத பகுதியாக இருக்கலாம். இந்தியர்களுக்கு இது கூடுதல் கவலை. 2004-இல் ‘லான்செட்’ இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யுட்கின் இருவரின் உடலளவுகள் வெளியாயின. இருவருக்கும் உடல் நிறை குறியீடு ஒன்றே: 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம்மிடம் தசை முன்பே குறைவு. அதையும் கரைத்துவிட்டால் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும். வயதானவர்கள் தடுக்கி விழுவார்கள்.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு, இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தும் வெறும் 12 சதவீதம் புரதத்திலிருந்தும் வருவதாக 2025-இல் காட்டியது. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்ற வரிசையில், பசி குறையும்போது முதலில் விடுபடுவது தொட்டுக்கொள்ளும் புரதம்தான். அதனால் தட்டில் முட்டையையும் மீனையும் சுண்டலையும் பாசிப்பயறையும் தயிரையும் முதலில் முடியுங்கள், சோறு பிறகு. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியோ, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியோ வேண்டும். நடை மட்டும் தசையைக் காக்காது.

குப்பியும் சிரிஞ்சும் கத்திரி வெயிலும்

பேனா வடிவ ஊசியில் அளவு குறிக்கப்பட்டிருக்கும். குப்பியில் வாங்குகிறவர் சிரிஞ்சில் உறிஞ்சவேண்டும். இங்கேதான் பெரிய தவறு நேரும். நம் கடைகளில் இன்சுலின் சிரிஞ்சு இரண்டு வகை: சிவப்பு மூடி போட்ட யு-40, ஆரஞ்சு மூடி போட்ட யு-100. அரை மில்லிலிட்டர் என்பது யு-100-இல் 50 யூனிட் கோடு. யு-40-இல் 20 யூனிட் கோடு. சிரிஞ்சு மாறினால் அளவு இரண்டரை மடங்கு மாறிவிடும். அமெரிக்காவில் குப்பியிலிருந்து உறிஞ்சிப் போட்ட சிலர் 5 முதல் 20 மடங்கு வரை கூடுதலாகப் போட்டுக்கொண்டதை அந்நாட்டு மருந்து நிர்வாகம் 2024-இல் எச்சரித்தது. முதல் ஊசியை மருத்துவர் அல்லது செவிலியர் முன்னால் போட்டுப் பழகுங்கள். வயிறு, தொடை, மேல்கை என்று இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவர் பேனாவை இன்னொருவர், கணவன் மனைவியாகவே இருந்தாலும், பயன்படுத்தக் கூடாது.

இம்மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்கவேண்டும். ஃப்ரீசரில் உறைந்துவிட்டால் தூக்கிப் போடவேண்டியதுதான். வெளியே வைப்பதென்றால், தயாரிப்பைப் பொறுத்து மூன்று முதல் ஆறு வாரங்கள் வரை, அதுவும் 30 டிகிரிக்குள். கத்திரி வெயிலில் நம் சமையலறை அலமாரி 30 டிகிரியைத் தாண்டிவிடும். அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் அந்த அனுமதி சென்னைக் கோடைக்குப் பொருந்தாது. வாங்கும் கடையிலும் குளிர்பதனம் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேசில், பிரிட்டன், அமெரிக்காவில் 2023-இல் போலி செமாக்ளூடைடு பிடிபட்டதாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. ரசீதும் தொகுப்பு எண்ணும் இல்லாத ஊசியை, எவ்வளவு மலிவாக வந்தாலும், தொடாதீர்கள்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

‘ஸ்டெப் 1’ ஆய்வில் ஊசியை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பியது. அது அவர்களுடைய மன உறுதியின் குறையல்ல. மருந்து போனதும் பசி பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. ஆகவே எத்தனை மாதம் தொடரவேண்டும், குடும்ப வரவு செலவு அதைத் தாங்குமா என்ற கேள்வியை முதல் ஊசிக்கு முன்பே கேட்டுவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் விட்டுப்போனால் பழைய உச்ச அளவில் நேரே தொடங்காமல் மருத்துவரைக் கேளுங்கள். பழகிய குடல் அதற்குள் பழக்கம் மறந்திருக்கும்.

பக்கவிளைவு எதுவானாலும் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் இந்திய மருந்து கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கலாம். நோயாளியே அழைக்கலாம். ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் நம்மைப்போல் மூன்று வேளையும் அரிசி உண்டவர்கள் அல்ல. நம் வெயிலில் வேலை செய்தவர்களும் அல்ல. நம் உடலில் இம்மருந்து எப்படி நடந்துகொள்கிறது என்பது நம் புகார்களிலிருந்துதான் தெரியவரும்.

2021 ஆகஸ்டு முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வந்து ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். இந்த ஊசி போடுகிறவர்களின் எடை, நீர்ச்சத்து, சிறுநீரகச் செயல்பாடு, கையின் பிடிவலு ஆகியவற்றையும் அதே கணக்கேட்டில் சேர்க்கலாம். ஊசியின் விலை ஏழைக்கு எட்டும்போது, அதைக் கண்காணிக்கும் மருத்துவமும் ஏழைக்கு எட்டவேண்டும். அம்பத்தூரில் கடைசல் பட்டறை ஓட்டுகிறவருக்கும், அண்ணா நகரில் தனி மருத்துவர் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் அதே பாதுகாப்பு கிடைக்கவேண்டும். அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. கேட்கத் தெரிந்திருப்பது நம் கடமை.