மூளைக் காயமும் இழைமணிகளும்

தலையில் அடிபட்டார்க்கு மூளையில் நேரும் அழிவெல்லாம் அந்நொடியிலேயே முடிந்துவிடுகின்றதெனப் பலர் எண்ணுவர். அடியினால் நேரே சிதையும் நரம்பணுக்கள் ஒரு பகுதியே. வேறு பல, மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் பின்னரே மடிகின்றன. இப்பிற்கேட்டிற்கு ஒரு பெருங்காரணமாவது அணுவினுள் உறையும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்பு. 1898இல் பெண்டா என்னும் ஜெர்மானியர், நூல், மணி எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கூட்டி அதற்கு இப்பெயரிட்டார். தமிழில் இழைமணி என்பர். பொருளும் ஓசையும் இங்ஙனம் ஒருங்கே பொருந்திய கலைச்சொல் கிடைத்தல் அரிதென்பது எம் கருத்து.

உணவின் ஆற்றலைக் கொண்டு ஏ.டி.பி. என்னும் பொருளை ஆக்குதலே இழைமணியின் தலையாய தொழில். அப்பொருளை 1929இல் தசையினின்று கண்டறிந்தோருள் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். மூளை உடலெடையில் நூற்றுக்கு 2 பங்கே. உடல் கொள்ளும் ஆக்ஸிஜனிலோ அதற்கு 20 பங்கு வேண்டும். பாபநாசத்து நாயக்கர் காலத்து நெற்களஞ்சியத்தைக் கண்டோர் சேமிப்பின் அருமையை அறிவர். மூளைக்கு அத்தகைய களஞ்சியம் இல்லை. குருதி கொணர்வதைக் கொண்டே அது அவ்வப்போது பிழைக்கின்றது.

அடிபட்டவுடன் நிகழ்வது யாதெனின், நரம்பிழைகள் இழுபட்டுக் குளூட்டமேட் என்னும் பொருள் அளவிறந்து வெளிப்படுகின்றது. அது அணுச்சவ்வின் வாயில்களைத் திறக்க, மதகுடைந்த வாய்க்கால்நீர் வயலுட் பாய்வதுபோலக் கால்சியம் உட்புகுகின்றது. அணுவைக் காக்கும்பொருட்டு இழைமணி அக்கால்சியத்தை உறிஞ்சிக்கொள்கின்றது. அளவு மிஞ்சியவழி அதன் உட்சவ்வில் துளை திறக்கின்றது; அதுவும் வீங்குகின்றது; ஏ.டி.பி. ஆக்கம் தளர்கின்றது. கால்சியத்தை வெளியே இறைக்கும் பம்புகட்கோ ஏ.டி.பி.யே உணவு. அஃது இன்மையால் அவையும் ஓய, வெள்ளம் மேலும் ஏறுகின்றது. கேடு விளைக்கும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகளும் பெருகுகின்றன. இன்னும் ஒரு வியப்பு: இழைமணியினுள் மூச்சுத் தொழிலுக்கு உதவும் சைட்டோகுரோம் சி என்னும் புரதம், வெளியே கசிந்த அளவில், அணு தன்னைத் தானே மாய்த்துக்கொள்ள ஏவும் ஏவலாகின்றது.

சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து அத்துளையைத் தடுத்து எலிகளிடத்துப் பயன் தந்துளது. மனிதர்க்கு அது தேர்ந்த சிகிச்சையாக இன்னும் நிலைபெறவில்லை. ஆதலின் ஆக்ஸிஜனும் குருதியழுத்தமும் குறையாமற் காத்தலே இன்று மருத்துவர் முதற்கண் செய்வது.

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ஜேக்கப் சாண்டியும், சென்னையில் 1950இல் சீர்காழியிற் பிறந்த இராமமூர்த்தியும் மூளை அறுவைப் பணியைத் தொடங்கினர். இன்று பாபநாசத்திலிருந்து தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சிறிது நேர வழியே. ஆயினும், கும்பகோணம் சாலையில் விழுந்தெழுந்தவர் "ஒன்றுமில்லை" என்று வீடு செல்வதுண்டு. பின்னர் வாந்தி, மயக்கம், மிகுந்துவரும் தலைவலி தோன்றின், மண்டையுட் குருதி கட்டியிருத்தலும் கூடும். விடியட்டும் எனக் காத்திராது, அப்பொழுதே 108ஐ அழைத்தல் வேண்டும்.